ஹயருக்குப் போகாத வேன்

காலை ஆறு மணி இருக்கும். யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். இந்த ஒன்றரை வருடத்தில் லீவு கிடைத்தபோதெல்லாம் வேனுக்குள் படுத்துப் படுத்து, தட்டுகிற சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லப் பழகிவிட்டேன். போலீஸ்காரர் உள்ளங்கையால் கூரையில் தட்டுவார். கடைக்காரர் சாவியால் தட்டுவார். இது விரல் முட்டியால், கொஞ்சம் சங்கடப்பட்டுத் தட்டிய சத்தம். பனித்திருந்த கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஒரு அம்மா நின்றிருந்தார். எழுபது வயதுக்குக் குறையாது.

கதவைத் தள்ளித் திறந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. வீடு பார்க்க வந்தவர் மாதிரி உள்ளே நிதானமாகப் பார்த்தார். பலகைக் கட்டில், அதற்கு அடியில் தண்ணீர்க் கேன், கயிற்றில் துவாலை, இரண்டு டம்ளர், 2.3 கிலோ குட்டி கேஸ் சிலிண்டர், போர்வைக்குள் சுருண்டு கிடந்த என் வீட்டுக்காரி. எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"எங்க காம்பிராவும் இம்புட்டுத்தான் தம்பி. ஒங்களுக்குச் சக்கரம் வச்சுக் குடுத்துருக்காங்க."

நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார். போர்வைக்குள் இருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அப்படியொரு காம்பிரா அறையில் பிறந்து வளர்ந்தவள்.

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவுக்குப் பக்கத்தில், மவுசாக்கலை நீர்த்தேக்கத்தை ஒட்டிய தோட்டத்துப் பாதை அது. அங்கே ஏன் போய் வேனை நிறுத்தினோம் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு.

எனக்கு ஊர் நீலகிரி, கோத்தகிரி. அங்கே எங்களுக்குப் பெயர் சிலோன்காரர்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அங்கிருந்த இந்திய வம்சாவளி ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். எங்கள் அம்மாயி இந்தியப் பங்கு. அம்மாயியின் தங்கை சிலோன் பங்கு. அம்மாயி 1972இல் மஸ்கெலியாவிலிருந்து கிளம்பி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் கேம்பில் கிடந்து, கடைசியில் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தது. இப்படி வந்தவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு 1968இல் ஆரம்பித்த தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் அதே கூடை, அதே கொழுந்து. நான் பிறந்து வளர்ந்து, தங்கைக்காரி வழியில் ஹட்டனில் ஒரு டீச்சரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். வந்த முதல் வாரமே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: இந்தியா மாப்பிள்ளை. ஆக, அங்கே சிலோன், இங்கே இந்தியா. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு அரசாங்கத்துக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

வேன் மாமனாருடையது. பழைய டவுன் ஏஸ். ஸ்கூல் சர்வீஸ் ஓடியது, 2022இல் டீசல் இல்லாமல் நின்றது, அப்புறம் படங்குக்கு அடியில் உறங்கியது. எங்கள் ஊரில் இந்த வயது வண்டியைக் காயலான் கடைக்காரன் வந்து இழுத்துப் போயிருப்பான். இங்கே 2020இலிருந்து வாகன இறக்குமதிக்குப் பல வருடம் தடை போட்டிருந்ததால் கிழட்டு வேனுக்கும் ராஜ மரியாதை. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் ஒரு அறை வாடகை கேட்டுவிட்டு வந்த அன்று எனக்கு இந்த யோசனை வந்தது. பின் சீட்டைக் கழற்று, கட்டில் போடு, அறையே வேண்டாம்.

கராஜில் முதல் நாளே ஒரு தகராறு. என்னை அனுப்பிவைத்த மாமா, "போய் பாஸைப் பாருங்க மாப்பிள்ளை" என்றார். நான் முதலாளி எங்கே என்று தேடி அலைந்தேன். கிரீஸ் கையோடு எதிரே நின்றவர்தான் பாஸ். இங்கே மேசன், தச்சர், மெக்கானிக் என்று கைத்தொழில் தெரிந்த எல்லாரும் பாஸ். சென்னையில் முகம் தெரியாத ஆளையும் 'பாஸ், கொஞ்சம் தள்ளுங்க' என்று கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு, இப்போது யாரைக் கூப்பிடவும் பயமாக இருக்கிறது. அந்த பாஸ்தான் பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளை அறுத்துத் தட்டு அடித்துத் தந்தார். மழை நாளில் வேனுக்குள் லேசாகத் தூள் வாசம் வரும்.

முதல் இரவு நுவரெலியாவில், கிரகரி வாவிக்குப் பக்கம். 1,868 மீட்டர் உயரம். கோத்தகிரிக்காரனுக்குக் குளிர் ஒன்றும் புதிதில்லை என்று வீம்பாகக் கண்ணாடியை எல்லாம் இறுக்கி மூடிக்கொண்டு படுத்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு நெற்றியில் ஒரு சொட்டு. அப்புறம் மூக்கில். எழுந்து டார்ச் அடித்தால் வெளியே மழையே இல்லை. இரண்டு பேர் விட்ட மூச்சு, குளிர்ந்த தகரக் கூரையில் நீராகிக் கோத்துக்கொண்டு வரிசையாகத் தொங்குகிறது. போர்வை ஈரம், தலையணை ஈரம், தீப்பெட்டியும் நமுத்துப்போய்விட்டது. எதிரெதிர்க் கண்ணாடிகள் இரண்டை ஒரு விரல்கடை இறக்கி வலை ஒட்டிவிட்டால் போதும், காற்று ஓடி ஈரத்தைக் கொண்டுபோய்விடும். இதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு நான்கு இரவு ஆனது. அந்த நான்கு இரவும் இவள் ஒரே வசனத்தைத்தான் சொன்னாள்: "பதினெட்டு வருசம் பத்துக்குப் பன்னெண்டுல ஏழு பேரா படுத்து எந்திரிச்சவ நான். லீவுக்கு அதைவிடச் சின்னதுல படுக்கக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அடுத்த லீவுக்கு முதலில் பை கட்டியது அவள்தான். ஏன் என்று கேட்டேன். "காலைல தெறந்தா வேற வேற மலை" என்றாள்.

மலைப்பாதை ஓட்டுவதற்கு மாமா சொன்னது ஒரே விதி: ஏறின கியரிலேயே இறங்கணும். றம்பொடை வளைவுகளில் அதை மறந்து பிரேக்கிலேயே இறங்கி, ரப்பர் கருகிய நாற்றத்தோடு ஒரு மரக்கறிக் கடை முன்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். அட்டையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. கடிக்கும், உப்பு வையுங்கள்.

எழுத வேண்டியது டீயைப் பற்றி. உலகமே சிலோன் டீ என்று உருகுகிறது. நான் சிலோன் டீ விளைகிற மலையில் நின்றுகொண்டு நல்ல பால் டீக்கு ஏங்குகிறேன். நல்ல தூள் கொழும்பு ஏலத்துக்குப் போய்விடுகிறது. கடையில் பால்மாவும் சீனியும் கோப்பையில் குழைத்து, அதன் மேல் சாயத்தை ஊற்றித் தருகிறார்கள். இனிப்பாக இருக்கும், சூடாக இருக்கும், டீயாக இருக்காது. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் காலை ஐந்தரைக்கு, மாஸ்டர் தலைக்கு மேலிருந்து இடுப்பு வரை இழுத்து ஆற்றுவார். பக்கத்துக் கண்ணாடி ஜாடியில் வர்க்கி இருக்கும். வர்க்கியை டீயில் முக்கினால் மூன்று எண்ணுவதற்குள் வாய்க்குள் போட்டுவிட வேண்டும், நான்கு என்றால் டம்ளரின் அடியில் கூழ். இங்கே டீக்கு மாலு பாண் தருகிறார்கள். நல்ல பண்டம்தான், உள்ளே மீனும் கிழங்கும் காரமாக வைத்த பன். ஆனால் மீனை டீயில் முக்க முடியுமா? ஊரிலிருந்து யார் வந்தாலும் என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். வர்க்கி என்கிறேன். பெட்டி வந்து சேரும்போது பாதி தூளாகியிருக்கிறது. தூளையும் விடுவதில்லை, கரண்டியால் சாப்பிடுகிறேன்.

எனக்கு இங்கே பிடித்த டீ பிளேன்டீ. உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, நக்கிக்கொண்டே ஒரு மடக்கு. அப்புத்தளைக் கடையொன்றில் முதல் தடவை ஒருவர் அப்படிக் குடித்ததைப் பார்த்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை. கோத்தகிரி வீட்டு வாசலில் அம்மாயி அப்படித்தான் குடிக்கும். சீனி மிச்சம் பிடிக்கிறது என்று நாங்கள் கேலி செய்வோம். அது ரயிலைக் கோச்சி என்றால் சிரிப்போம், பிரெட்டைப் பாண் என்றால் சிரிப்போம், தேத்தண்ணி என்றால் சொல்லவே வேண்டாம். அத்தனையும் அது தனக்காகச் செய்துகொண்ட சொற்கள் என்று நினைத்திருந்தேன். இங்கே பஸ் கண்டக்டர் சொல்கிறார், தபால்காரர் சொல்கிறார், மூன்று வயதுப் பிள்ளை சொல்கிறது. இரண்டு வருடத்தில் நன்றாகப் பழகிவிட்டேன், இனி இதுதான் ஊர் என்று அம்மாவிடம் போனில் அளந்துகொண்டிருந்தபோது, "கோச்சில வந்தேன்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

வேனில் சுற்றுகிறவனுக்கு இந்த நாட்டில் இருக்கும் பெரிய தொல்லை போலீசோ அட்டையோ இல்லை. "ஹயரா தம்பி?" என்ற கேள்விதான். வேன் என்றால் ஹயருக்குப் போக வேண்டும். கல்யாணத்துக்கு, சிவனொளிபாதமலைக்கு, ஆஸ்பத்திரிக்கு. ஹயரும் போகாமல், ஆளும் ஏற்றாமல், இரண்டு பேர் மட்டும் உள்ளே படுத்துக் கிடக்கிற வேனை யாராலும் ஜீரணிக்க முடியவில்லை. "வீடு இல்லையா?" என்று கேட்டவர்கள் உண்டு. இருக்கிறது என்றால் அப்போதுதான் இன்னும் குழம்புவார்கள்.

ஒரே ஒரு இடத்தில்தான் எங்களை நிறுத்த விடவில்லை. பெரகலையிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்கி, தியலும அருவி பார்த்துவிட்டு, மலைச்சரிவுக்குக் கீழே சமதரையாக ஒரு இடம் கண்டு ஒதுக்கினேன். டீக்கடைக்காரர் ஓடி வந்தார். மழை காலத்தில் இந்தப் பக்கம் யாரும் சரிவுக்குக் கீழே படுப்பதில்லை என்றார். 2014 அக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது அங்கிருந்து தூரமில்லை. கடை வாசலிலேயே வேனைப் போடச் சொன்னார். ராத்திரி முழுக்க மழை. கூரையில் விழுந்த சத்தத்தை அன்றைக்கு ரசிக்க முடியவில்லை.

சரி, மவுசாக்கலைக்கு வருகிறேன். அம்மாயியின் பழைய மஸ்கெலியா டவுன் அந்தத் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. தீபாவளி ஜவுளி எடுத்த கடை, கும்பிட்ட கோவில், எல்லாம் உள்ளே. வறட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோவில் தலை காட்டும், ஜனங்கள் நடந்துபோய்ப் பார்ப்பார்கள். ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பலாம் என்று போனோம். போன நேரம் நல்ல மழைக்காலம், கரை வரை தண்ணீர். ஒன்றும் தெரியவில்லை. அங்கேயே நிறுத்திப் படுத்தோம். விடிந்ததும் இந்த அம்மா வந்து தட்டினார்.

அடுப்பை மூட்டி டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு மடக்கு குடித்துவிட்டு, "சாயம் பத்தல" என்றார். இப்படிச் சுற்ற ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்டார். டீசலோடு நாலாயிரத்துக்குள் முடித்துவிடுவோம் என்று பெருமையாகவே சொன்னேன். சிக்கனத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அவர் விரலை மடக்கினார். "மூணு பேரு."

மூன்று ஆட்கள் என்று நினைத்தேன். இவள் போர்வையை விலக்கிக்கொண்டு விளக்கினாள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். சொன்ன கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர். 2024இல் பேருக்கு 1,350 ரூபாய் என்று ஆனது. எங்கள் ஒரு நாள் ஊர்சுற்றல் மூன்று நாள் கொழுந்து. அந்த அம்மா அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கணக்குக் கேட்டார், கணக்குச் சொன்னார், அவ்வளவுதான். மீதி டீயையும் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். அன்றைக்கு கிளினிக் நாள். பஸ் போய்விட்டது.

"டவுன் வரைக்கும் கொண்டுபோய் விடுறீங்களா?"

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கால் தரையில் எட்டாமல், பையை மடியில் பிடித்துக்கொண்டு வந்தார். வளைவுகளில் என் டம்ளர்களை அவரே பிடித்துக்கொண்டார். கிளினிக் வாசலில் இறங்கி, முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனவரைத் தடுத்தேன். "அப்பச் சரி, பன்னெண்டு மணிக்கு இங்கனயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு அப்புத்தளைக்குக் கிளம்புவதாக இருந்தோம். பன்னிரண்டுக்கு நின்றோம். ஒன்றுக்கும் நின்றோம். ஒன்றரைக்கு அவர் வந்தார், கையில் மருந்துப் பொட்டலம், இரண்டு றாத்தல் பாண், பின்னால் நான்கு பேர். அதில் ஒருத்திக்குக் கையில் குழந்தை.

"நம்ம வேனுதான், ஏறுங்க" என்றார்.

இவள் முன் சீட்டிலிருந்து இறங்கி, குழந்தைக்காரியை அங்கே ஏற்றிவிட்டு, பின்னால் போய்ப் போர்வையை மடித்து ஓரமாக வைத்தாள்.