வவ்வாலுக்குக் காசு கேட்ட கதை

என் ஃப்ரெண்ட் ஒருத்தி பிஎச்டி மூணாவது வருஷம், வவ்வால் சத்தத்தைப் பத்தி ஆராய்ச்சி. ஒருநாள் ராத்திரி போன் பண்ணி "டேய், கிரவுட்ஃபண்டிங் பண்ணப்போறேன், பேஜுக்கு நீதான் எழுதிக் குடுக்கணும்"னா. நெட்ல பொதுஜனங்ககிட்ட ஆளுக்குக் கொஞ்சமா காசு திரட்டுறதுதான் அது. கைடோட கிராண்ட், அதான் ஆராய்ச்சிக்குக் குடுக்குற நிதி, முடியப்போகுது, புதுசா போட்டதுக்கு ரிவ்யூல "முதல்கட்ட டேட்டா போதாது"ன்னு எழுதி திருப்பி அனுப்பிட்டாங்க, அந்த முதல்கட்ட டேட்டா எடுக்கத்தான் காசே கேட்டா. இந்தக் கூத்து ஆராய்ச்சில இருக்குற எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு வேண்டியது ஆறு ரெக்கார்டர், ராத்திரி முழுக்க மரத்துல கட்டித் தொங்கவிட. அவ்ளோதான்.

எனக்கு அப்ப கிரவுட்ஃபண்டிங்னா நினைவுக்கு வந்தது அந்த நட்சத்திரம்தான். கேஐசி 8462852, கெப்ளர் தொலைநோக்கி பாத்தது, அதோட வெளிச்சம் திடீர் திடீர்னு குறையுது, ஒரு தடவை 22 சதவீதம் வரைக்கும் குறைஞ்சிருக்கு, வேத்துகிரகவாசி கட்டுன ஏதோன்னு கூட பேச்சு ஓடுச்சு. அடுத்து எப்ப மங்கும்னு யாருக்கும் தெரியாது. அப்படி ஒண்ணுக்கு எந்த தேதியைப் போட்டு டெலஸ்கோப் நேரம் கேப்பீங்க? அதை ஆராய்ஞ்ச வானியல் விஞ்ஞானி டபேதா பொயாஜியன் 2016-ல கிக்ஸ்டார்ட்டர்ங்கற கிரவுட்ஃபண்டிங் தளத்துல காசு கேட்டாங்க, 1,700-க்கும் மேல ஆளுங்க சேந்து ஒரு லட்சம் டாலருக்கு மேல குடுத்தாங்க, அந்தக் காசுல லாஸ் கம்ப்ரஸ் ஆய்வகத்தோட டெலஸ்கோப்புங்கள்ல நேரம் வாங்கி அந்த ஒரே நட்சத்திரத்தை விடாம பாத்துக்கிட்டே இருந்தாங்க. 2017 மே மாசம் மங்குச்சு. காசு போட்டவங்களே அந்த மங்கலுக்கு எல்சின்னு பேர் வெச்சாங்க! நீல வெளிச்சம் அதிகமா மறையுது, சிவப்பு கம்மியா மறையுது, அப்ப நடுவுல வந்தது எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி மறைக்குற கெட்டியான பொருள் இல்ல, தூசிதான்னு 2018 ஜனவரில ஆராய்ச்சிப் பேப்பர் வந்துச்சு. வேத்துகிரகவாசி கோஷ்டிக்கு மட்டும் ஏமாத்தம்.

ஆனா இதைப் பாத்துட்டு நாமளும் கடை போட்டா கூட்டம் தானா வந்துரும்னு நினைச்சோம் பாருங்க, அங்கதான் தப்பு. முதல் வீடியோல அவளை வெள்ளை கோட் போட்டு மைக்ராஸ்கோப் முன்னாடி நிக்க வெச்சோம். அவ வேலைல மைக்ராஸ்கோப்பே கிடையாது. நாலு நாள்ல போட்டவங்க அவ அம்மா, சித்தப்பா, நான், அப்புறம் லேப்ல ரெண்டு பேரு. கிட்டத்தட்ட குடும்ப மொய்.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். 2011 கடைசில அமெரிக்காவுல சைஃபண்ட் சேலஞ்ச்னு விஞ்ஞானிகளே சேந்து நடத்துன முதல் சுத்துல 49 ப்ராஜெக்ட், மொத்தம் 76,000 டாலர் சொச்சம், அதாவது ஒண்ணுக்கு சராசரியா 1,500 சொச்சம்தான். அதை நடத்துனவங்களே அடுத்தடுத்த சுத்தையும் சேத்து அலசி 2014-ல எழுதுன பேப்பர்ல சொல்றது என்னன்னா, கேம்பெய்னுக்கு முன்னாடியே உங்க வேலையை எத்தனை பேர் கவனிச்சுக்கிட்டு இருந்தாங்கங்கறதுதான் விஷயமாம். எக்ஸ்பெரிமென்ட்னு ஆராய்ச்சிக்குன்னே இருக்குற கிரவுட்ஃபண்டிங் தளத்துல நடந்த 700-க்கும் மேல கேம்பெய்ன்களை வெச்சு 2019-ல வந்த இன்னொரு ஆய்வுல, ப்ரொஃபசர்களை விட ஸ்டூடன்ட்ஸ்தான் அதிகமா ஜெயிச்சிருக்காங்க. கிராண்ட் கமிட்டில இது தலைகீழாத்தான நடக்கும், எனக்கு அதைப் படிச்சதும் ஒரு அல்ப சந்தோஷம். (அந்தத் தளத்துல இலக்கைத் தொடலன்னா ஒரு பைசா கிடையாது, தொட்டா 8 சதவீதம் கமிஷன், பேமென்ட் செலவு தனி.)

சரின்னு வெள்ளை கோட்டைத் தூக்கிப் போட்டோம். ஏற்கனவே எடுத்து வெச்ச ஒரு ரெக்கார்டிங்கைப் பத்து மடங்கு மெதுவாக்கி இருபது செகண்ட் மட்டும் போட்டா. நம்ம காதுக்கே எட்டாத சத்தம் அப்படி மெதுவாக்குனா டிக் டிக்னு கேக்கும், வவ்வால் பூச்சியை நெருங்க நெருங்க வேகமாகி கடைசில ஜிர்ர்னு ஒரு இழுப்பு. அந்த ஜிர்ர்-க்குத்தான் காசு வந்துச்சு, நான் உக்காந்து எழுதுன மூணு பக்கத்துக்கு இல்ல. தினமும் ஒரு சத்தம் போட ஆரம்பிச்சா, யாரு என்ன கேட்டாலும் ராத்திரி ஒரு மணிக்கு உக்காந்து பதில் எழுதுவா, இருபத்தேழாவது நாள் இலக்கு தாண்டுச்சு. அந்த மாசம் தீசிஸ்ல ஒரு வரி ஓடல, அதையும் சொல்லணும்.

காசு வந்துச்சுன்னு குதிச்சோம், ஆனா கைக்கு வரல. சொந்த அக்கவுண்ட்ல வாங்கக்கூடாது, யூனிவர்சிட்டி வழியாத்தான் வரணும், அது சரிதான், கணக்கு வேணும்ல. ஆனா ஃபைனான்ஸ் செக்‌ஷன்ல இது டொனேஷனா கிராண்ட்டான்னு கேட்டாங்க, ரெண்டும் இல்லன்னா ஃபார்ம்ல கட்டமே இல்ல. ரெண்டு மாசம். நடுவுல ஒருத்தர் இதுலயும் ஓவர்ஹெட், அதான் யூனிவர்சிட்டி தன் பொதுச்செலவுக்கு எடுத்துக்குற பங்கு, பிடிக்கணும்னு கிளம்பி, கைடு நேர்ல போய் சண்டை போட்டு நிறுத்துனாரு. சித்தப்பா குடுத்த காசுல கட்டடத்துக்கு கரெண்ட் பில் கட்டுவீங்களான்னு கேட்டாராம்.

இதுல எனக்கு ஒரு உறுத்தல் இருக்கு. வவ்வாலுக்கு சத்தம் இருக்கு, நட்சத்திரத்துக்கு மர்மம் இருக்கு. அவ பக்கத்து டேபிள்ல ஒருத்தன் சாக்கடைத் தண்ணில இருக்குற என்சைமை மூணு வருஷமா அளந்துக்கிட்டு இருக்கான், அதை எந்த இருபது செகண்ட்ல காட்டுவான்? இவளுக்குக் காசு வந்ததும் டிபார்ட்மென்ட் மீட்டிங்ல "நீங்களும் இது மாதிரி ட்ரை பண்ணலாமே"ன்னு அவனைப் பாத்து சொல்லியிருக்காங்க. ரெக்கார்டர் வாங்கலாம் இந்தக் காசுல, ஒரு ஆளுக்கு மூணு வருஷம் சம்பளம் போட முடியாது, இது மேல உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியாமலா இருக்கு?

ரெக்கார்டர் வந்து கட்டியாச்சு. காசு போட்டவங்களுக்கு மாசம் ஒரு அப்டேட் எழுதுறா. மூணாவது அப்டேட்ல நாலாம் நம்பர் ரெக்கார்டருக்குள்ள எறும்பு குடிபோய் பதினோரு ராத்திரி டேட்டா போச்சுன்னு ஃபோட்டோவோட போட்டா, திட்டுவாங்கன்னு பயந்துக்கிட்டேதான் போட்டா. இதுவரைக்கும் அதுக்குத்தான் கமெண்ட் அதிகம். ஒருத்தர் எறும்பு என்ன வகைன்னு கேட்டிருக்காரு.