வேலிய ஆஃப் பண்ணுங்க, வியாழன் கேக்கணும்

ரிட்டயர் ஆகி சேலம் வந்ததுல இருந்து சொந்தக்காரங்க கேக்கறது ஒரே கேள்வி தான், "அத்தன வருஷம் ஊட்டி டெலஸ்கோப்ல என்னங்க பாத்தீங்க?" ஒண்ணும் பாக்கலைங்க. அது வானத்துல இருந்து வர்ற ரேடியோ அலைய புடிக்கற ரேடியோ டெலஸ்கோப், அதுல கண்ண வெக்கறதுக்கு எடமே கெடையாது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துக்கு கம்பியா இழுத்துக் கட்டுன ஆன்டெனா அது. அத உருவாக்குன விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் சார் எடம் புடிச்சது தான் ஜோரு, ஊட்டி 11 டிகிரி அட்சரேகை, அதே 11 டிகிரி சரிவுள்ள மலையா தேடிப் புடிச்சு வடக்கு தெற்கா படுக்க வெச்சுட்டாங்க, அதனால அச்சு பூமியோட அச்சுக்கு இணையா வந்துருச்சு, ஒரே பக்கமா மெதுவா திருப்பிட்டே இருந்தா வானத்துல ரேடியோ அலை அனுப்பற ஒரு பொருள ஒம்பது மணி நேரம் விடாம புடிக்கலாம்.

எனக்கு ஒரு கொற மட்டும் இருந்துச்சு. அது கேக்கறது 326.5 மெகாஹெர்ட்ஸ், வியாழன் கிரகம் ரேடியோ அலையில போடற கூச்சல் எல்லாம் 40 மெகாஹெர்ட்ஸுக்கு கீழ. 1955ல அமெரிக்காவுல பர்க், ஃப்ராங்க்ளின்னு ரெண்டு விஞ்ஞானிங்க வேற எதுக்கோ ஆன்டெனா போட்டு தற்செயலா மாட்டுன சத்தம், மொதல்ல ஏதோ வண்டி இக்னிஷன் தான்னு நெனச்சாங்களாம்.

அந்தக் கொறைக்கு தான் போன மாசம் செவ்வாய்பேட்டையில ஒயர் வாங்கிட்டு 20 கொண்டை ஊசியும் ஏறி ஏற்காட்ல ஃப்ரெண்டு எஸ்டேட்டுக்கு போனேன். ரெண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவுல 7 மீட்டர் ஒயர், பழைய ஷார்ட்வேவ் ரேடியோ, 20 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அவ்ளோதான் செட்டப். வியாழனோட அயோங்கற நிலா சரியான எடத்துல இருந்தா சான்ஸ் ஜாஸ்தி, அந்தக் கணக்கு போட்டு விடியக்காலம் மூணு மணிக்கு உக்காந்தேன்.

டிக்... டிக்... டிக். செகண்டுக்கு ஒண்ணு. ஒரு நிமிஷம் பல்சார்னே, அதாவது சுத்திக்கிட்டே சீரா ரேடியோ துடிப்பு அனுப்பற நட்சத்திரம்னே நெனச்சுட்டேன், இந்த ஒயர்ல பல்சார் கேக்காதுன்னு எனக்கே தெரியும், இருந்தாலும் மனசு!

வாட்ச்மேன் அண்ணன் டார்ச்சோட வந்து எட்டிப் பாத்தாரு. "அது காட்டெருமைக்கு போட்ட கரண்டு வேலிங்க சார்."

கெஞ்சி ஆஃப் பண்ண வெச்சேன். கொஞ்ச நேரம் வெறும் சொய்ங்... அப்புறம் கடல் அலை கரைக்கு வர்ற மாதிரி மெல்ல ஏறி மெல்ல எறங்குச்சு, திரும்ப ஏறுச்சு. கையெல்லாம் சிலுத்துருச்சு. மேல பாத்தா வியாழன் பளிச்சுன்னு நிக்குது.

அவரும் காத வெச்சுக் கேட்டாரு. "போதுங்களா சார்? மாடு வந்துரும்."