தலைப் பக்கத்தில் யார்?

ஆப்பிரிக்க நாணயம் சேர்க்கிறேன் என்று சொன்னால், யானையும் சிங்கமும் போட்ட காசுகள்தானே என்கிறார்கள். அதுவும் உண்டுதான். 1961-ல் மாலி வெளியிட்ட அலுமினியக் காசுகளில் நீர்யானை, குதிரை, சிங்கம் என்று மூன்று தலைகள் இருக்கின்றன. தான்சானியாவின் 1966 காசுகளில் 20 சென்டியில் தீக்கோழி, 50 சென்டியில் முயல். ஆனால் நான் தேடுவது விடுதலைக்குப் பிறகு ஒரு நாடு முதன்முதலாக அடித்த காசுகளை மட்டும்தான். அதுவரை இருந்த லண்டன் ராஜா ராணியை எடுத்தாயிற்று, சரி, அந்த இடத்தில் இனி யாரை வைப்பது? இந்த ஒரு கேள்விக்கு ஒவ்வொரு நாடும் சொன்ன பதில்தான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது.

கானாவின் 1958 ஷில்லிங்கை அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். 1957 மார்ச் 6-ல் விடுதலை கிடைத்தாலும், 1960 ஜூலையில் குடியரசாகும் வரை சட்டப்படி எலிசபெத்தான் அங்கும் ராணி. அவர் ராணியாக இருக்கும்போதே காசில் பிரதமர் குவாமே இங்க்ருமாவின் முகம் ஏறிவிட்டது! முகத்தைச் சுற்றி லத்தீனில் 'கானா நாட்டை நிறுவியவர்' என்று எழுதியிருக்கும். பிரிட்டிஷ் காசுகளில் ராணியின் பட்டங்களைப் பொறிக்கும் அதே லத்தீன். அடித்துக் கொடுத்ததும் லண்டனில் இருந்த பிரிட்டிஷ் அரசு நாணயச் சாலையான ராயல் மின்ட்தான். பூப் பக்கம் திருப்பினால் ஐந்துமுனை நட்சத்திரம், கானா கொடியில் இருப்பது. 1966 பிப்ரவரியில் ராணுவம் அவரைக் கவிழ்த்தது, 1967 காசுகளில் அவர் இல்லை, கோகோவும் முரசும் வந்துவிட்டன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன்.

கென்யா 1966-ல் ஜோமோ கென்யாட்டா முகத்தைப் போட்டபோது சுற்றிலும் ஓர் எழுத்துகூட இல்லை. யாரென்று சொல்ல வேண்டிய தேவையே அன்றைக்கு இல்லையோ என்னவோ. 1969 முதல்தான் 'கென்யாவின் முதல் குடியரசுத் தலைவர்' என்ற வாசகமும் பெயரும் சேர்ந்தன. புதிதாகச் சேர்ப்பவர்கள் ஆண்டைப் பார்க்காமலேயே இதை வைத்துப் பிரித்துவிடலாம். அதே 1966-ல் பக்கத்து உகாண்டா எந்தத் தலைவரையும் போடவில்லை, சில்லறைக் காசில் இரண்டு தந்தங்கள், ஷில்லிங்கில் கொண்டை வைத்த கொக்கு. எனக்கென்னவோ உகாண்டா செய்ததுதான் சரி என்று படுகிறது, ஆட்சி மாறினால் கொக்கை யாரும் இறக்க வேண்டியதில்லை.

அந்த உகாண்டா 10 சென்ட் ஒன்றை நான் கெடுத்துவிட்டேன். வெண்கலக் காசு, நல்ல பழுப்பேறி அழகாக இருந்தது, பளபளப்பாக்குகிறேன் என்று பற்பசை போட்டுத் தேய்த்ததில் மேல்தோல் போய் இளஞ்சிவப்பாகிவிட்டது, தந்தங்களின் ஓரமும் மழுங்கிவிட்டது. போன நிறம் திரும்பி வராது. தயவுசெய்து பழைய காசைத் தேய்க்காதீர்கள், அழுக்கோடு இருந்தால் இருக்கட்டும்.

அப்புறம் கட்டாங்கா. காங்கோ விடுதலை பெற்ற சில நாட்களிலேயே, 1960 ஜூலையில், பிரிந்துபோன செப்புச் சுரங்கப் பகுதி இது. எந்த நாடும் அங்கீகரிக்கவில்லை, 1963 ஜனவரியோடு முடிந்தும்போனது. ஆனாலும் 1961-ல் அதற்கென்று வெண்கலக் காசு அடித்தார்கள்: ஒரு பக்கம் வாழைத்தார், மறுபக்கம் சிலுவை. அது கிறிஸ்தவச் சிலுவை இல்லை, ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அந்த மக்கள் பணமாகப் புழங்கிய, சிலுவை வடிவில் வார்த்த செம்புக் கட்டி. பழைய பணத்தின் படத்தையே புதிய பணத்தில் போட்டிருக்கிறார்கள்! இந்த ஐந்து பிராங்க் காசை ஆல்பத்தில் எந்த நாட்டுப் பக்கத்தில் செருகுவது என்று ரொம்ப நாள் யோசித்தேன், கடைசியில் காங்கோவுக்கு அடுத்து ஒரு தனிப் பக்கம் ஒதுக்கிவிட்டேன்.