பிந்தி வரும் கர்ப்பிணியும் அலைக்கழிக்கும் நிலையமும்

கர்ப்பிணி ஐந்தாம் மாதத்தில் முதன்முறையாக நம் சுகாதார நிலையத்துக்கு வந்தால் பதிவேட்டில் ‘விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதிவிடுகிறோம். எழுதுவது எளிது, பெரும்பாலும் தவறு. பரிசோதனை அவசியம் என்பது அவளுக்குத் தெரியும். ஒருமுறை வந்துபோக ஒரு நாள் கூலி போகும், வண்டிச் செலவு ஆகும், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2016-இல் எட்டுச் சந்திப்புகளைப் பரிந்துரைத்தது: முதலாவது 12 வாரத்துக்குள், பிறகு 20, 26, 30, 34, 36, 38, 40ஆம் வாரங்களில். ஆனால் ரத்தம் கொடுக்க ஒரு நாள், முடிவு வாங்க மறுநாள், ஸ்கேனுக்கு வேறு ஊர் என்றால் அலைச்சல் எட்டோடு நிற்காது.

பால்வினை நோயான சிஃபிலிஸுக்கான சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நுனி ரத்தத்தில் சுமார் 20 நிமிடத்தில் முடிவு தெரியும். தொற்று இருந்தால் பென்சதீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஊசியை அன்றே போட்டு, ஒவ்வாமை வருகிறதா என்று அரை மணி நேரம் உட்காரவைத்தால் போதும். ‘அடுத்த வாரம் வா’ என்று அனுப்பினால் பலர் திரும்புவதில்லை. நோய் கருவுக்கும் போய்விடுகிறது. பல இடங்களில் சோதனை அட்டை இருக்கும், ஊசி இருக்காது. இதற்கு அவளைக் குறைசொல்லி என்ன பயன்?

ரத்த அழுத்தத்திலும் கவனம் வேண்டும். நடந்து வந்தவளை ஐந்து நிமிடம் உட்காரவைத்த பிறகே பார்க்க வேண்டும். மெலிந்த கையில் அழுத்தம் அளக்கும் கருவியின் பெரிய பட்டையைக் கட்டினால் அளவு குறைத்துக் காட்டும். உயர் ரத்த அழுத்தத்தின் எல்லையான 140/90-ஐத் தொட்டவளும் நம் கண்ணில் படாமல் போய்விடுவாள். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் பட்டிகளின் டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரம் ஏறிக் கெட்டுவிடும்.

இரும்புச்சத்து மாத்திரை தருகிறோம். மலம் கறுக்கும், குமட்டும் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. பயந்து நிறுத்திவிடுகிறாள். கால்சியத்தோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாக உறிஞ்சப்படாது என்பதையும் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே போனால் மாத்திரையை நம்பிக் காத்திருக்காமல் மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை நம் வாய்தான். ‘எத்தனாவது பிள்ளை? புருஷன் எங்கே?’ என்று வரிசையில் எல்லார் காதிலும் விழக் கேட்டால் அடுத்தமுறை அவள் வரமாட்டாள். அவளைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரியும் வரமாட்டாள். கதவைச் சாத்தி, துணைக்கு வந்தவர்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிக் கேட்கலாம். அடுத்த தேதியை அவளிடம் கேட்டே குறிக்கலாம். மாத்திரையை அந்தத் தேதிக்குமேல் ஒரு வாரத்துக்கும் சேர்த்துக் கொடுக்கலாம்.