எல்லாத் தாளுக்கும் ஏற்றுகிற மச்சானோடு போக்கர்: ஐந்து போயா இரவுகள்

எங்கள் கல்லடி வீட்டு விறாந்தையில் பல வருடமாக 304 என்ற சீட்டாட்டம்தான் ஓடியது. இந்த வருடம் கொழும்பில் வேலை செய்யும் தம்பி வந்து டெக்சாஸ் ஹோல்டெம் போக்கரைப் பழக்கிவிட்டான். கைக்கு இரண்டு தாள், நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து தாள், ஏழில் நல்ல ஐந்தைச் சேர்க்க வேண்டும். 304 ஆடிய கைக்கு முதலில் ஒரு தடுமாற்றம் வரும். அங்கே ஜாக்தான் பெரிது, அடுத்தது ஒன்பது. இங்கே ஜாக் குயினுக்குக் கீழே, ஒன்பது அதற்கும் கீழே. அந்தப் பழக்கம் போக எனக்கு இரண்டு இரவு பிடித்தது.

நாங்கள் ஐந்து பேர். போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் பின்னேரம் கூடுவோம். காசு வைப்பதில்லை. ஆளுக்கு 100 புளியங்கொட்டை. புளியந்தீவில் இருக்கும் பெரியம்மா கழுவிக் காயவைத்து ஒரு ரின் நிறையத் தந்தார். கொட்டை முடிந்தவர் எல்லாருக்கும் பிளேன்ரீ (பால் இல்லாத தேநீர்) போட வேண்டும், அவ்வளவுதான் பந்தயம்.

இந்தக் குறிப்பு முழுக்க மச்சானைப் பற்றியது. 304 இலும் அவன் அப்படித்தான். நாலு தாள் வந்தவுடனே கேள்வியை (ஏலத்தை) ஏற்றிக்கொண்டே போவான். போக்கரில் இரண்டு தாளைப் பார்த்தானோ பார்க்கவில்லையோ, ஏற்றுவான், அதாவது வைக்கிற கொட்டையைக் கூட்டுவான். மற்றவர் ஏற்றினால் அதற்கு மேல் ஏற்றுவான். இப்படி ஆடுகிறவர்களைப் போக்கர்காரர் மேனியாக் என்பார்கள். முதல் போயாவில் நான்கு பேரின் கொட்டையும் அவன் முன்னால் குவிந்தது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அவனுக்கு அதிர்ஷ்டம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு அதில் ஏதோ கணக்கு இருப்பதாகப் பட்டது.

அன்று நான் பொறுத்திருந்தேன். ஏஸ் சோடி, கிங் சோடி, குயின் சோடி வந்தால் மட்டும் இறங்குவது என்று முடிவு. பிறகு கொப்பியில் கணக்குப் பார்த்தேன். இரண்டு தாள் சேரக்கூடிய விதம் மொத்தம் 1,326. அதில் இந்த மூன்று சோடிக்கும் 18 விதம்தான். ஏறக்குறைய 74 ஆட்டத்துக்கு ஒரு தரம். நாங்கள் ஓர் இரவில் ஆடுவதே 60 ஆட்டம் அளவில்தான். தாளைப் பார்க்க முன்னமே வைக்க வேண்டிய கட்டாயப் பிளைண்ட் ஒரு சுற்றுக்கு 1 கொட்டையும் 2 கொட்டையும். 12 சுற்று என்றால் தாளைத் தொடாமலே 36 கொட்டை போய்விடும். மச்சான் என்னிடம் அடித்து எடுக்கவில்லை, நான்தான் தாளைக் கவிழ்த்து, ஆட்டத்தை விட்டு விட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது போயாவில் எதிர்ப்பக்கம் போனேன். அவன் புளுடா விட்டால், அதாவது நல்ல தாள் இருப்பதுபோல் காட்டிப் பெரிதாக வைத்தால், நானும் விடுவது. அது இன்னும் மோசம். புளுடா பலிக்க வேண்டுமானால் எதிராளி தாளைக் கவிழ்க்க வேண்டும். மச்சானோ எதற்கும் கவிழ்க்காதவன். ஒரு சின்னச் சோடியை வைத்துக்கொண்டு என் பெரிய புளுடாவுக்குக் கோல் பண்ணி (நான் வைத்த அளவு அவனும் வைத்து) வென்றான். அவன் பாணியில் அவனை வெல்ல முடியாது என்பது அன்று நன்றாக விளங்கியது.

மூன்றாவது போயாவில் இடத்தை மாற்றினேன். இதை யாரும் புதிதாகப் போக்கர் பழகினால் முதலில் சொல்லிக் கொடுப்பேன். முறை இடப்பக்கமாகச் சுற்றும். ஆகவே ஏற்றுகிறவன் என் வலப்பக்கம் இருந்தால் அவன் செய்த பிறகுதான் நான் முடிவெடுப்பேன். அதுவரை நான் அவனுக்கு வலப்பக்கம் இருந்து சின்னதாக வைக்க, அவன் பெரிதாக ஏற்ற, நான் கவிழ்க்க, இப்படியே போனது. பாயில் அந்தப் பக்கம் மாறி உட்கார்ந்ததுமே ஆட்டம் வேறாகத் தெரிந்தது. அன்று 60 ஆட்டத்தில் 41 இல் அவன் ஏற்றினான், கொப்பியில் கோடு போட்டு எண்ணினேன். மூன்றில் இரண்டு பங்கு ஆட்டத்தில் ஒருவனுக்கு நல்ல தாள் வராது.

அப்போ என்ன தாள் போதும்? கண்டபடி வந்த இரண்டு தாளுக்கு எதிராக ஏஸ் சோடி நூற்றுக்கு 85 தரம் வெல்லும். பத்துச் சோடி 75. இதை எல்லாரும் நம்புவார்கள். ஆனால் ஆறு சோடிகூட 63 தரம் வெல்லும். நான் முதல் இரவு எத்தனை ஆறு, ஏழு சோடியைக் கவிழ்த்தேனோ தெரியாது.

நாலாவது போயாவில் நடந்த ஓர் ஆட்டத்தை முழுசாக எழுதுகிறேன். என்னிடம் கிளாவர் ஏஸ், டயமன்ட் ஒன்பது. மச்சான் 8 கொட்டை வைத்தான். நான் 24 ஆக ஏற்றினேன். அவனைத் தனியாகப் பிடிப்பதுதான் நோக்கம், மற்ற மூவரும் கவிழ்த்தார்கள். அவன் கோல். பிளைண்டோடு சேர்த்து நடுவில் 51. மூன்று தாள் விழுந்தது: ஹார்ட் கிங், ஸ்பேட் ஒன்பது, ஹார்ட் நாலு. அவன் 25 வைத்தான். எனக்கு ஒன்பது சோடி. ஏற்றவில்லை, கோல் மட்டும். அவனைத் தானாக வைக்க விடுவது நல்லது, நான் ஏற்றினால் அவனுடைய வெறும் தாளை நானே கவிழ்க்கப் பண்ணுகிற மாதிரி. நாலாவது தாள் கிளாவர் இரண்டு. மச்சான் முன்னங்கையால் எல்லாக் கொட்டையையும் ஒரே தள்ளு. சலசலவென்று பாயில் உருண்டு ஒன்றிரண்டு என் முழங்காலுக்குக் கீழே வந்து நின்றன.

அந்தச் சத்தத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. நல்ல தாள் இருக்கும்போது அவன் தள்ளுவதில்லை. இரண்டு இரண்டாக எண்ணி வைப்பான்.

என்னிடம் மிச்சம் 61. கோல் பண்ணினால் மொத்தக் குவியல் 223. ஆக நாலில் ஒரு தரத்துக்குச் சற்றுக் கூட வென்றாலே நட்டமில்லை. கோல் பண்ணினேன். அவன் காட்டியது ஹார்ட் எட்டும் ஹார்ட் ஆறும். இன்னொரு ஹார்ட் விழுந்தால் அவனுக்குப் பிளஷ், ஒரே இனத்தில் ஐந்து தாள். தெரியாத 44 தாளில் 9 ஹார்ட். ஐந்தில் ஒரு வாய்ப்பு.

கடைசித் தாள் ஹார்ட் மூன்று.

எனக்கு நெஞ்சு அடைத்துப் போயிற்று. எழும்பிப் போய்ப் பிளேன்ரீக்குத் தண்ணீர் வைத்தேன். எங்களோடு ஆடும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், நாங்கள் சேர் என்போம், குசினி வாசலுக்கு வந்தார். “மனே, நீ சரியாத்தான் விளையாடின. மறுகாவும் இதே தாள் வந்தா இதையே செய்” என்றார். ஐந்தில் நாலு தரம் எனக்கு வரவேண்டியது, வராத ஒரு தரம் அன்று வந்தது. இதை அவர் சொல்லாவிட்டால் நான் பழையபடி கவிழ்க்கத் தொடங்கியிருப்பேன்.

நேற்று ஐந்தாவது போயா. கோல் பண்ணுவதைக் கூட்டினேன், புளுடாவை முற்றாக விட்டேன், நல்ல தாள் வந்தபோது வழக்கத்தைவிடப் பெரிதாக வைத்தேன். கவிழ்க்காதவன், நாம் பெரிதாக வைத்தாலும் கொடுப்பான். பத்து மணிக்கு என்னிடம் 212 கொட்டை. முதல் தடவையாக மச்சான் பிளேன்ரீ போட்டான், இஞ்சி தட்டிப் போட்டு நன்றாகவே போட்டான்.

ஆனால் அதற்கு முன் நடந்த ஓர் ஆட்டத்தை எழுதாமல் விட முடியாது. எனக்கு ஜாக் சோடி. மச்சான் 70 கொட்டையை இரண்டு இரண்டாக, மெதுவாக, எண்ணி எண்ணி நடுவில் வைத்தான். எண்ணுகிறான் என்றால் தாள் இருக்கிறது. நான் ஜாக் இரண்டையும் கவிழ்த்தேன். “ஒள்ளுப்பம் பொறு மச்சான்” என்று சொல்லி அவன் தன் தாளைத் திருப்பிக் காட்டினான். ஏழும் இரண்டும், இரண்டும் வேறு வேறு இனம். இந்த ஆட்டத்திலேயே ஆகக் குறைந்தது என்று சொல்லும் தாள்.

நான் தன் கையைப் பார்க்கிறேன் என்பதை அவன் எப்போது கண்டுபிடித்தான் என்று தெரியவில்லை. அடுத்த போயாவுக்குக் கொப்பியில் புதிதாக ஒரு பத்தி கீறியிருக்கிறேன்: எண்ணி வைத்த ஆட்டத்தில் அவன் காட்டிய தாள் என்ன.