அவர் போனதற்குச் சான்று

என் கணவர் வீட்டை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது. விவாகரத்து, கோர்ட் எதுவும் இல்லை. ஒருநாள் போனவர் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு ஓய்வூதியம் உண்டு என்று ரேஷன் கடை வரிசையில் ஒரு அக்கா சொல்லித்தான் தெரியும். 1986 முதலே தமிழ்நாட்டில் இருக்கிறதாம். இப்போது மாதம் 1,200 ரூபாய். வயது 30 ஆகியிருக்க வேண்டும். விவாகரத்து ஆகாதவர் என்றால் கணவர் போய் 5 வருடமாவது ஆகியிருக்க வேண்டும்.

முதலில் ரேஷன் கார்டு இழுத்தடித்தது. என் பேரும் மகள் பேரும் மாமியார் வீட்டுக் கார்டில் இருந்தன. நீக்க வேண்டுமென்றால் ஓடிபி மாமனார் போனுக்குத்தான் போகும். மூன்று தடவை கேட்டேன். "வரலையேம்மா" என்றார். வந்திருக்கும். கடைசியில் வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுத்து, விசாரணை முடிந்து, தனிக் கார்டு வாங்கினேன்.

அப்புறம் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி, கைவிடப்பட்ட பெண் என்ற சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மேலே போகும். விஏஓ வீட்டுக்கே வந்தார். கொடியில் ஒரு லுங்கி காய்ந்துகொண்டிருந்தது.

"இது யாருதும்மா?"

"எங்க அண்ணனுது சார்."

நம்பினாரா தெரியவில்லை. எதிர்வீட்டுப் பாட்டியைக் கூப்பிட்டு, "புருஷன் வந்துபோறாரா?" என்று கேட்டார். "வந்தா நான் விட்டுருவேனா?" என்றது பாட்டி. எழுதிக்கொண்டு கைநாட்டு வாங்கினார்.

எந்த வருடம் போனார் என்பதற்கு ஆதாரம் கேட்டபோதுதான் திண்டாடினேன். நல்லவேளை, அப்போதே மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து வாங்கிய சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) மகளின் தடுப்பூசி அட்டைக்குள் கிடந்தது. இந்த நிலையில் இருப்பவர்கள் அந்தத் துண்டுச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

சான்றிதழ் வந்தபின் ஓய்வூதிய விண்ணப்பம் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போனது. அங்கே பெரிய சிக்கல் இல்லை. போன மாதம் முதல் பணம் ஏறியது. மகளின் வேன் கட்டணத்துக்குச் சரியாகப் போய்விட்டது.

ஜீவனாம்ச வழக்குப் போட, சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுப்பார்கள். எனக்கும் கொடுத்திருக்கிறார்கள். அந்த வக்கீலம்மா கேட்ட முதல் கேள்வி, என் கணவருடைய இப்போதைய விலாசம். அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.