மாதா குளத்தடியில் ஒரு புதுநன்மைப் பாடம்

அண்ணன் மகளுக்கு வருகிற மே மாதம் புதுநன்மை. பூசையில் இயேசுவின் உடலாகத் தருகிற அப்பத்தை, அதாவது நன்மையை (நற்கருணையை), முதல்முறையாக வாங்கும் நாள். அதற்கு முன் ஒருமுறை வேளாங்கண்ணி மாதாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவளையும் அவள் தம்பியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவளுக்கு 9 வயது, அவனுக்கு 5. நாகப்பட்டினத்தில் ரயிலை விட்டு இறங்கி பஸ் ஏறியபோது இன்னும் விடியவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் சின்னவன் ஆரம்பித்துவிட்டான். "அத்தை, அக்கா நன்மை வாங்குறப்போ இயேசுவைக் கடிப்பாளா? அவருக்கு வலிக்காதா?"

"அப்படியெல்லாம் கேக்கக் கூடாதுடா" என்று பெரியவள் அவனை அடக்கினாள். மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தந்ததை அவள் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, அவளுக்குள்ளும் அதே கேள்விதான். கேட்கத்தான் பயம். சின்ன வயதில் இதையே கேட்டு நான் அதட்டு வாங்கியிருக்கிறேன். அதனால் இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்தேன்.

பேராலயத்துக்குள் போகும் முன் மாதா குளத்துக்கு அழைத்துப் போனேன். மணல் பாதையில் ஓர் அம்மா முழந்தாளிட்டு நகர்ந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் இருவரும் அவருக்கு வழிவிட்டு ஓரமாக நடந்தார்கள்.

குளத்தடியில் உட்கார்ந்து கதை சொன்னேன். நாகப்பட்டினத்தில் இருந்த எசமானுக்குப் பால் கொண்டுபோன ஒரு சிறுவன் இங்கே களைத்துப் படுத்திருக்கிறான். கையில் குழந்தையோடு வந்த மாதா, தன் குழந்தைக்குப் பால் கேட்கிறார். பையன் கொடுக்கிறான். அப்புறம் எசமான் வீட்டில் போய்ப் பார்த்தால் பானை நிறைந்து வழிகிறது! இன்னொரு சமயம் இதே ஊர் நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமான பையனிடம் குழந்தைக்கு மோர் கேட்கிறார். அவனும் கொடுக்கிறான், எழுந்து ஓடுகிறான். தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிற கதைகள்தான். ஆனால் அன்றுதான் எனக்கே ஒன்று உறைத்தது. இரண்டிலும் கொடுத்தவர்கள் சின்னப் பிள்ளைகள். இரண்டிலும் பசித்தவர் குழந்தை இயேசு.

"இங்க பசிக்குதுன்னு கேட்ட அதே இயேசுதான் பூசையில நமக்குச் சாப்பாடு தர்றார்" என்றேன்.

"எங்கேயிருந்து எடுத்துத் தர்றார்?" என்றான் சின்னவன்.

"நீ கைக்குழந்தையா இருந்தப்போ உங்கம்மா எங்கேயிருந்து எடுத்துத் தந்தா?"

பெரியவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அம்மா உடம்பிலேர்ந்து."

அவ்வளவுதான். நான்காம் நூற்றாண்டிலேயே புனித யோவான் கிறிசோஸ்தோம் என்ற பெரிய போதகர் தாய்ப்பாலைக் காட்டித்தான் நற்கருணையை விளக்கினார். பிள்ளையை வளர்க்கத் தன்னிடமிருந்தே கொடுக்கிற தாய் மாதிரிதான் ஆண்டவரும். கடைசி இராவுணவில் அப்பத்தை எடுத்து, 'இது என் உடல்' என்று சொல்லிச் சீடர்களுக்குக் கொடுத்தார். மறுநாள் சிலுவையில் அதே உடலைத்தான் கொடுத்தார்.

குழந்தைகள்தானே, 'இது ஓர் அடையாளம்' என்று சுருக்கிச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. நம் திருச்சபை நம்புவது அதைவிடப் பெரியது. கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் சுட்ட அப்பம்தான் ஓஸ்தி. ஃபாதர் ஆண்டவருடைய வார்த்தைகளைச் சொல்லும்போது தூய ஆவியின் வல்லமையால் அது கிறிஸ்துவாகவே மாறுகிறது. பார்வைக்கு மாறாது, ருசிக்கும் மாறாது. "அப்போ வாயில வச்சா அப்பம் மாதிரிதான் இருக்குமா?" என்று பெரியவள் கேட்டாள். ஆமாம், அப்படித்தான் இருக்கும். அது இயேசுதான் என்று அவர் சொன்னதால் நம்புகிறோம்.

வலி? உயிர்த்தெழுந்த ஆண்டவருக்கு இனி வலியும் இல்லை, சாவும் இல்லை. ஓஸ்தியைப் பிட்டாலும் அவர் துண்டாகிவிட மாட்டார், ஒவ்வொரு துண்டிலும் முழுதாகவே இருப்பார். சின்னவன் பெருமூச்சு விட்டான். இவ்வளவு நேரமும் பாவம், இயேசுவுக்காகக் கவலைப்பட்டிருக்கிறான்.

முன்பெல்லாம் பல இடங்களில் புதுநன்மைக்கு 12 வயது, அதற்கு மேல்கூடப் பிள்ளைகளைக் காக்க வைத்தார்கள். போப்பாண்டவர் புனித பத்தாம் பத்திநாதர்தான் 1910இல் ஏழு வயதளவில் புத்தி தெளிந்தால் போதும் என்று வழி திறந்தார். சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும், வயதுக்கேற்ற பக்தி வேண்டும் என்றார். குளத்தடியில் இந்தப் பிள்ளைகளோடு இருந்தபோது அந்தத் தந்தையை நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

பூசையில் ஃபாதர் அப்பத்தை உயர்த்தியபோது மணி அடித்தது. சின்னவன் என் சேலையைப் பிடித்து இழுத்து, "இப்பவா?" என்றான். "இப்பத்தான்" என்றேன். கை கூப்பினான். நன்மை வாங்கும் வரிசையில் இருவரும் என்னோடு வந்தார்கள். "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார் ஃபாதர். "ஆமென்" என்றேன். பிள்ளைகள் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதித்தார்.

இடத்துக்கு வந்து கண்ணை மூடி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் காதருகே ஒரு கிசுகிசுப்பு.

"அத்தை, இயேசு இப்ப உங்களுக்குள்ள இருக்காரா?"

"ஆமாடா தங்கம்."

"அப்போ நான் உங்க மடியில உக்காந்துக்கவா?"